விடும் மூச்சு நீளட்டும்: நாள்பட்ட மன அழுத்தத்துக்கு வீட்டிலேயே ஒரு யோகப் பயிற்சி

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் மூன்று விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நாலைந்து மூச்சுக்குள் ஒரு விஷயம் விரலுக்குத் தட்டுப்படும். இழுக்கும்போது துடிப்பு நெருக்கி வருகிறது, விடும்போது தள்ளித் தள்ளி விழுகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில் இதயத்துக்கு பிரேக் போடுகிறது. உள்ளே வரும் நேரத்தில் பிரேக்கைத் தளர்த்துகிறது. இளம் வயதில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கும். பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குத் தெரியாமலே போகலாம். மூச்சோடு சம்பந்தமே இல்லாமல் துடிப்பு தாறுமாறாக ஓடினால் மட்டும் ஓர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நாள்பட்ட மன அழுத்தத்தில் யோகா எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த விரல் நுனியில் இருக்கிறது. மீதிப் பாதி, தினமும் செய்கிறோமா என்பதில். கை தரையைத் தொடுகிறதா, பத்மாசனம் கூடுகிறதா, சிரசாசனத்தில் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் இந்தக் காரியத்துக்குக் கணக்கில் வராது.

உள்ளே நடப்பது

ஆபத்து என்றால் உடம்பு இரண்டு வழியில் தயாராகிறது. தெருநாய் துரத்தும்போது நரம்பு வழியாக நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இரண்டாவது வழி கொஞ்சம் நிதானம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. ஏறச் சில நிமிடங்கள் ஆகும்; இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நாய் போனால் இரண்டும் அடங்கிவிடும். மாதத் தவணை, நைட் ஷிஃப்ட், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு வரும் மேனேஜரின் மெசேஜ் போன்றவை போகாத நாய்கள்.

கார்டிசாலுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. விழித்த அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் உச்சம், பிறகு இறங்குமுகம், நள்ளிரவு வாக்கில் அடிமட்டம். நாள்பட்ட அழுத்தத்தில் இந்த ஏற்ற இறக்கம் பலருக்குத் தட்டையாகிவிடுகிறது. காலையில் எழுந்திருக்கவே அலுப்பு, இரவு படுத்ததும் மூளை பளிச்சென்று விழித்துக்கொள்வது, தூக்கம் மூன்று மணிக்குக் கலைவது என்று அது வெளியே தெரியும். கூடவே தாடை இறுக்கம், பிடரி வலி, நெஞ்செரிச்சல், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவது.

யோகாவை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் வேலை 1924ல் மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தா தொடங்கிய கைவல்யதாமம் என்ற யோக ஆய்வு மையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. நூறு வருடத்துக்குப் பிறகு தைரியமாகச் சொல்லக்கூடியவை இவ்வளவுதான்: அழுத்தம் குறைந்ததாக மனிதர்கள் உணர்கிறார்கள், தூக்கம் ஓரளவு சீராகிறது, ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்குகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆனால் ஆய்வுகளில் பல சிறியவை. தான் யோகா செய்கிறோம் என்று செய்பவருக்குத் தெரிந்தே இருப்பதால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பதும் கஷ்டம். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் இதில் கணிசமான பலன் கிடைக்கும். தைராய்டு போய்விடும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றெல்லாம் சொல்வது வியாபாரம்.

தேவையானவை

பருத்தி ஜமுக்காளம் இரண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று, துண்டு இரண்டு, போர்வை ஒன்று, ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்று. நொடி முள்ளின் டிக் டிக் கேட்கும் சுவர்க் கடிகாரம் இருந்தால் வசதி. போனில் டைமர் வைத்தால் போனும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு வழியில்லை என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

யோகா மேட் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. டைல்ஸ் தரையில் கோரைப் பாய் வழுக்கும், ஆகவே நின்று செய்யும்போது வெறுந்தரையே மேல். படுத்துச் செய்வதற்கு நாலாக மடித்த ஜமுக்காளம். மெத்தை வேண்டாம், இடுப்பு அமுங்கி முதுகு வளையும், உடம்பும் தூக்கத்துக்குத் தயாராகிவிடும்.

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரம், இட்லி தோசைக்குப் பிறகு 2 மணி நேரம், காபிக்குப் பிறகு அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். எந்த நேரம் சிறந்தது என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. அழுத்தத்தை இறக்குவதற்கு வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் நேரம் பொருத்தம். விடாமல் செய்வதற்குக் காலை பொருத்தம். வீட்டில் சமையல் யார் பொறுப்போ அவருக்குக் காலை 6 மணி என்பது இல்லாத நேரம். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பின், தான் டிபன் சாப்பிடுவதற்கு முன், ஒன்பதரை மணி என்று வைத்துக்கொள்ளட்டும். அதே இடம், அதே நேரம் என்று ஆகிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

முதல் இரண்டு வாரம்: உப்புப் பாக்கெட்

மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்கள் இரண்டையும் நாற்காலி இருக்கையின் மேல் தூக்கி வையுங்கள். தொடை தரைக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கட்டும். இந்த நிலையில் கீழ்முதுகு தானாகவே தரையில் படியும். தலைக்கு நாலாக மடித்த துண்டு. உப்புப் பாக்கெட்டை இன்னொரு துண்டில் சுற்றித் தொப்புளின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 2 நிமிடம் மூச்சில் எதையும் மாற்றாதீர்கள். பாக்கெட் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். நாள்பட்ட அழுத்தத்தில் இருக்கும் பலருக்கு அது அசையவே அசையாது, மார்பும் தோளும் மட்டும் ஏறி இறங்கும். சிலருக்கு மூச்சு உள்ளே போகும்போது பாக்கெட் கீழே இறங்கும், அதாவது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே மூச்சு வாங்குகிறார்கள். பேண்ட் பெல்ட், புடவைப் பாவாடை நாடா, தொப்பையை மறைக்கும் பழக்கம் எல்லாமாகச் சேர்ந்து பழக்கிவிட்ட மூச்சு அது. பெல்ட்டையும் நாடாவையும் தளர்த்திவிட்டே படுங்கள்.

இனி, மூச்சு உள்ளே வரும்போது பாக்கெட் ஓர் அங்குலம் ஏறட்டும்; வெளியே போகும்போது தன் எடையால் அதுவே இறங்கட்டும். ஏற்றுவதற்கு வயிற்றைத் துருத்த வேண்டாம். வாய் மூடியிருக்க வேண்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. கடிகார டிக் கணக்கில் முதல் வாரம் 3 இழுத்து 4 விடுங்கள். இரண்டாம் வாரம் 3 இழுத்து 5. மூன்றாம் வாரத்திலிருந்து 4 இழுத்து 6. அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை. 4க்கு 6 என்றால் ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம். ரத்த அழுத்தத்தைத் தானாகச் சமன்படுத்தும் அனிச்சைச் செயலுக்கு என்று ஒரு தாளம் உண்டு. நிமிடத்துக்கு 6 என்ற வேகம் அதோடு இசைந்து போகிறது. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகுமே, அதுபோல.

தினமும் 8 நிமிடம். பிறகு பாக்கெட்டை எடுத்துவிட்டு, எண்ணாமல் 4 நிமிடம் அப்படியே கிடங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு இவ்வளவுதான். இது யோகாவே இல்லையே என்று கை பரபரக்கும். பரபரக்கட்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, ஆழமாக மூச்சு விடுவது. ‘நல்லா ஆழமா இழுங்க’ என்று சொல்லிச் சொல்லியே கெடுத்து வைத்திருக்கிறோம். பெரிது பெரிதாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்குகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி தலை கிறுகிறுக்கும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். பதற்றம் குறைவதற்குப் பதில் கூடும். மூச்சு மெதுவாக வேண்டும், கூடவே சிறிதாகவும் வேண்டும். மூக்கின் முன் ஒரு பஞ்சுத் துணுக்கைப் பிடித்தால் அது லேசாக ஆட வேண்டுமே தவிரப் பறக்கக்கூடாது. அப்படியும் மூச்சு முட்டினால் எண்ணிக்கையை 3க்கு 4 என்று இறக்கிக்கொள்ளுங்கள். மூக்கடைப்பு உள்ள நாட்களில் மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விடலாம்.

மூன்றாம் வாரம்: அசைவுகள்

இனி, படுத்த மூச்சை 4 நிமிடமாகக் குறைத்து அதற்கு முன்னால் நான்கு அசைவுகளைச் சேர்க்கலாம். 1950களில் சென்னைக்குக் குடிவந்து 1989 வரை வாழ்ந்த யோக ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்கள் வலியுறுத்தும் ஒரு விதி இதற்கு மிகவும் பொருந்தும்: முதலில் மூச்சு தொடங்க வேண்டும், பிறகு கை கால் அசைய வேண்டும், அசைவு முடிந்த பிறகுதான் மூச்சு முடிய வேண்டும். உறைக்குள் கத்தி போல அசைவு மூச்சுக்குள் அடங்கிவிட வேண்டும். மூச்சு முடிந்தும் கை இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தால் அந்த உயரம் இன்றைக்கு உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம்.

நின்றபடி கை உயர்த்துவது முதல் அசைவு. பாதங்களுக்கு இடையே ஒரு சாண். மூச்சு உள்ளே வர, கைகள் முன்புறமாக மேலே. மூச்சு வெளியே போக, அதே வழியில் கீழே. 6 முறை. தோள் காதை நோக்கி ஏறினால் முழங்கையை மடக்கிக்கொள்ளுங்கள். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் அடுப்படியிலேயே முடித்துவிடக்கூடிய அசைவு இது.

அடுத்தது பூனை அசைவு, மர்ஜரியாசனம். உள்ளங்கைகள் தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழே. மூச்சு உள்ளே வரும்போது மார்பு முன்னால் திறக்க, வெளியே போகும்போது முதுகு மேல்நோக்கி வளைய, தலை தொங்கட்டும். 8 முறை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர்களுக்குத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இறுகிக் கிடக்கும் இடம் இதில்தான் இளகும். மணிக்கட்டு வலித்தால் கை முஷ்டியை ஊன்றுங்கள், அல்லது ஜமுக்காளத்தின் மடிப்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஏற்றி வையுங்கள். முழங்கால் தேய்மானம் இருந்தால் நின்றுகொண்டு மேசை விளிம்பைப் பிடித்தபடியே இதைச் செய்யலாம்.

பிறகு மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, பாதம் ஊன்றி, மூச்சு உள்ளே வர இடுப்பை உயர்த்தி, வெளியே போக முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தரையில் இறக்குங்கள். துவிபாத பீடம் என்பார்கள். 6 முறை. இதில் இறக்கம்தான் பயிற்சி; தொப்பென்று விழுந்தால் ஒன்றும் நடக்காது. கடைசியாக, இரண்டு முழங்காலையும் கையால் பிடித்து, விடும் மூச்சில் வயிற்றை நோக்கி மெல்ல இழுத்து, உள்மூச்சில் கை நீளத்துக்குத் தள்ளுவது, 8 முறை. அபானாசனம். நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் அழுத்தத்தின் கூட்டாளிகள் என்பதால் இது பலருக்குப் பிடித்துப்போகும்.

எல்லாம் சேர்ந்து 7, 8 நிமிடம். சூரிய நமஸ்காரம்? உடற்பயிற்சியாக நல்லதுதான். உட்கார்ந்தே கிடக்கும் உடம்புக்கு 6 சுற்று நிதானமாகக் காலையில் செய்யட்டும். மாலையில், ஏற்கெனவே ஓடிக் களைத்த நரம்புக்கு, 108 சுற்றுச் சவால் எல்லாம் இன்னொரு டெட்லைன்.

உட்கார்ந்து: நாடி சுத்தியும் பிராமரியும்

ஐந்தாம் வாரத்திலிருந்து இது. தரையில் உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரமாக நின்றால் முதுகு கூன் போடும், வயிறு மடங்கும், மூச்சு நெஞ்சுக்கே திரும்பிவிடும். மடித்த ஜமுக்காளத்தைப் பிட்டத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்தால் சரியாகும். இல்லையென்றால் நாற்காலி நுனியில், பாதம் தரையில் பதிய உட்காருங்கள். பலனில் ஒரு குறைவும் இல்லை.

முதலில் நாடி சுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது நாசியையும் மோதிர விரலால் இடது நாசியையும் மாற்றி மாற்றி மூட வேண்டும். மூடும் இடம் மூக்கு எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடம். நுனியைப் பிடித்து நசுக்கினால் நடுச்சுவர் வளைந்து மறு நாசியும் அடைபடும். இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. அதே 4க்கு 6 கணக்கு. 6 சுற்றில் தொடங்கி 9 வரை. கை வலித்தால் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். கையைத் தூக்கிப் பிடிக்கும் சிரமத்தில் தோள் இறுகிவிட்டால் செய்வதே வீண்.

மூச்சை உள்ளே நிறுத்த வேண்டாமா என்று கேட்பார்கள். திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். அரை நொடி என்று வைத்தாலும் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. அது வருடக்கணக்கில் பழகியவர்களின் பாதை. மூச்சை அடக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், மூச்சுக்கு ஏங்கும் உணர்வு பதற்றத்தை எழுப்பும். ஆனால் அந்தக் கணக்கிலும் விடும் மூச்சு இழுப்பதைப்போல் இரண்டு பங்கு என்பதைக் கவனியுங்கள். மூச்சை நிறுத்தும் கும்பகத்தை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எண்ணிக்கை என்றாலே சிலருக்கு டென்ஷன் ஆகும். தப்பாகப் போகிறதோ என்று கணக்குப் பார்த்தே களைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பிராமரிதான் சரி. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மடலைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொள்ளுங்கள். துளைக்குள் விரல் விட வேண்டாம். மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடியபடி, தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரமிட்டுக்கொண்டே விடுங்கள். ரீங்காரம் மண்டைக்குள்ளும் பல்லிலும் அதிர வேண்டும். பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டியதில்லை. ஒலி வந்துகொண்டிருக்கும்வரை மூச்சு மெதுவாகத்தானே போகும், எண்ணாமலே வெளிமூச்சு நீண்டுவிடும். 7 முறை.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் இதில் இடம்பெறாததற்குக் காரணம் உண்டு. இரண்டும் உடம்பை உசுப்பும் பயிற்சிகள். தூக்கமில்லாமல், படபடப்போடு வந்தவருக்கு நிமிடத்துக்கு அறுபது எழுபது தடவை மூச்சை உதறச் சொல்வது, காபி அதிகமாகி வந்தவருக்கு இன்னொரு டம்ளர் நீட்டுவது போன்றது.

சவாசனம்

கடைசியில் அசையாமல் மல்லாந்து கிடக்கும் இதை எல்லாரும் விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். மொத்தப் பயிற்சியின் 20 நிமிடத்தில் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், இதை 6 நிமிடத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

தலைக்குத் தலையணை வேண்டாம். 3 சென்டிமீட்டர் கனத்துக்கு மடித்த துண்டு போதும். மோவாய் நெற்றியைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். மோவாய் கூரையைப் பார்த்தால் பிடரி சுருங்கியிருக்கிறது, துண்டை இன்னொரு மடிப்பு மடியுங்கள். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய ஜமுக்காளம். அது இல்லாமல் கிடந்தால் கீழ்முதுகு வில்லாக நிற்கும், இரண்டு நிமிடத்தில் வலி கூப்பிடும். பாதங்களுக்கு இடையே முக்கால் முழம் இருக்கட்டும், கால் நுனிகள் வெளிப்பக்கம் சாயட்டும். கைகள் உடம்பிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி, உள்ளங்கை மேல்நோக்கி. அக்குள் மூடியிருந்தால் தோள் இறங்காது. கண்ணின் மேல் மடித்த கைக்குட்டை. உடம்பு அடங்கும்போது குளிரும், மின்விசிறியைக் குறைத்துப் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். கொசு இருக்கும் வீட்டில் ஜன்னலைச் சாயங்காலமே சாத்திவிடுங்கள். ஒரு கொசு போதும், மொத்தச் சவாசனமும் போச்சு.

இப்போது வலது கையை முஷ்டியாக இறுக்கி 5 நொடி பிடித்து, விடும் மூச்சோடு சட்டென்று தளர்த்துங்கள். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் கையில் சூடாகப் பரவுவது தெரியும். அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதற்குத்தான் இறுக்குவதே. வருடக்கணக்கில் இறுகிய தோளுக்குத் தான் இறுகியிருப்பதே தெரியாது. இடது கை, இரண்டு கால்கள், தோள்கள், கடைசியாக முகம் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பிறகு அடிப்பாதத்திலிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக மனசை நிறுத்துங்கள். ஓர் இடத்துக்கு மூன்று மூச்சு. தாடைக்கு வரும்போது நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மனசு ஓடும். நாளைக்கு கேஸ் புக் பண்ண வேண்டும் என்று நினைவு வரும். அதைத் துரத்தாமல், எந்த இடத்தில் விட்டோமோ அங்கே திரும்பினால் போதும். படுத்த இரண்டு நிமிடத்தில் குறட்டை வருகிறது என்றால் உங்களுக்குத் தூக்கக் கடன் ஏறிக்கிடக்கிறது. அந்த வாரம் அரை மணி முன்னதாகப் படுங்கள். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழக்கூடாது. விரல்களை அசைத்து, பக்கவாட்டில் திரும்பி, 5 மூச்சு கிடந்து, கையை ஊன்றி உட்காருங்கள். தலை கடைசியில் நிமிரட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம், இல்லையென்றால் கண் இருட்டும்.

சிலருக்குச் சவாசனத்தில் அழுகை வரும். சிலருக்கு, முக்கியமாகப் பெரிய அதிர்ச்சி ஒன்றைக் கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடிப் படுப்பதே பயமாக இருக்கும். அழுகை வந்தால் அழலாம். பயம் வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். கண்ணைத் திறந்து, எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையிலுள்ள ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் கண்ணைத் திறந்தபடி, நாற்காலியில் உட்கார்ந்து, பிராமரி மட்டும்.

யார் எதைத் தவிர்ப்பது

கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் தலை தாழும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். பூனை அசைவில் தலையைத் தொங்கவிடாமல் முதுகோடு நேராக வைத்துக்கொள்ளட்டும். முதுகுத் தட்டு பிதுங்கியவர்களும் எலும்புத் தேய்வு உள்ளவர்களும் முன்னால் குனிவதில் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் நாலாம் மாதத்துக்கு மேல் நெடுநேரம் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் சாய்ந்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து இதே மூச்சைச் செய்யலாம். வயிற்றில் உப்புப் பாக்கெட் கூடாது. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அதே விதி. இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யும்போது கைநடுக்கம், வியர்வை வந்தால் உடனே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும்.

நெஞ்சுவலி, படியேறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டே வரும் படபடப்பு, பகலெல்லாம் தூக்கம் தள்ளும் பெருங்குறட்டை ஆகியவற்றுக்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்து யோகாவில் உட்கார்ந்துவிடாதீர்கள். இதயம், தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் என்று முதலில் பார்க்க வேண்டியவை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ல் தமிழிலேயே பேசலாம்.

பலனைப் பார்ப்பது

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் போதும். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், ஒரு நிமிடம் நாடியை எண்ணி அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுங்கள். செய்த நாளுக்கு ஒரு டிக். இரவு எத்தனை முறை விழித்தோம் என்பதை மூலையில் சின்னதாக. தினசரி எண்ணைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். சரியாகத் தூங்காத மறுநாளும் காய்ச்சல் வரும் நாளிலும் அது ஏறத்தான் செய்யும். நாலு வாரச் சராசரியைப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் மாறுவது நாடி இல்லை, தூக்கம்; அதற்கும் முன்னால், வண்டியை யாராவது குறுக்கே விட்டால் வாயில் வரும் வார்த்தை.

வீட்டில் பிபி பார்ப்பவர்கள் பயிற்சி முடிந்த கையோடு பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், அப்போது பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். காலையில் பயிற்சிக்கு முன், காபிக்கு முன், 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, பேசாமல் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை. குறைந்து வந்தால் அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்துவிட்டு ஆறு நாள் விட்டுவிடுவது, பயிற்சியைக் கெடுக்கும் பழுதுகளில் முதன்மையானது. விட்டுப்போன நாளில் படுக்கையிலேயே 12 மூச்சு, 4க்கு 6, இரண்டு நிமிடம்தான். டிக் போட்டுக்கொள்ளலாம். வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்வது அடுத்த பழுது: கழுத்து ஒரு பக்கம் திரும்பியே இருக்கும், மூச்சு வீடியோக்காரரின் மூச்சாக இருக்கும். ஒரு தடவை பார்த்து வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத் திரையை அணைத்துவிடுங்கள்.

நேரில் ஒருவர் பார்த்துத் திருத்தினால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பு படித்த மருத்துவர்கள். தனியார் வகுப்பு என்றால் முதல் நாள் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிபி இருக்கிறதா, என்ன மாத்திரை, ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா, எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டால் உட்காருங்கள். பாயை விரிக்கச் சொல்லிவிட்டு நேராகக் கபாலபாதியில் இறங்கினால், பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.